புதுமனை ஆய்வு

நுழையும் முன்

பணியின் பொருட்டு ஐதராபாத்திற்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் சில ஆண்டுகள் வாடகை வீட்டில் வாழ்ந்தபின், மியாப்பூர், கொண்டாப்பூர், மணிகொண்டா, குகட்பள்ளி போன்ற பகுதிகளில் சொந்த வீடு வாங்க எண்ணுவது இயல்பு. அதற்கெனப் பெறும் வங்கிக் கடன் பெரும்பாலும் இருபது ஆண்டுகள் உடன்வரும். வாங்கும் பொருளோ திருப்பிக் கொடுக்க இயலாதது. அவ்வீட்டை வாங்குமுன் எவ்வாறு ஆய்ந்து பார்ப்பது என்பதை இப்பாடம் கூறுகிறது.

பாடம்

புத்தாடை வாங்குவோர் துணியை விரித்து, தையலை இழுத்துப் பார்ப்பர். ஆனால் வீடு வாங்குவோருள் பலர் வண்ணம் பூசிய சுவரையும் பளபளக்கும் தரையையும் கண்ட அளவில் நிறைவடைகின்றனர். வண்ணம் என்பது குறையை மறைப்பதில் வல்லது. அதற்கு அடியில் உள்ளதை அறிவதே மனை ஆய்வாளரின் பணி. அமெரிக்க நாட்டில் இத்தொழிலோர்க்கு 1976ஆம் ஆண்டிலேயே சங்கம் தோன்றிவிட்டது. நம் நாட்டில் இப்பணிக்கெனத் தனி உரிமச் சட்டம் இல்லை. ஆகவே ஆய்வுக்கு அமர்த்தப்படுபவர் கட்டடப் பொறியியல் கற்றவரா, விற்பவரோடு தொடர்பற்றவரா என்னும் இரண்டையும் முதலில் உசாவ வேண்டும். விற்பவரே அனுப்பிவைக்கும் ஆய்வாளர் யாருக்காகப் பேசுவார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஆய்வாளர் கொண்டுவரும் கருவிகளுள் சில மிகப் பழையவை. சுவர் செங்குத்தாக நிற்கிறதா என்பதைத் தூக்குக்குண்டும், தரை சமமாக உள்ளதா என்பதை ரசமட்டமும் காட்டும். கொத்தனார் கட்டும் நூலும் நாம் படிக்கும் நூலும் ஒரே சொல்லாக இருப்பதைக் கருதுக. மரத்தின் கோணலை நூல் தீர்ப்பதுபோல மனத்தின் கோணலைக் கல்விநூல் தீர்க்கும் என்று நன்னூல் இதனை விளக்குகிறது. புதிய கருவிகளும் உண்டு. ஈரமானி சுவரினுள் உள்ள ஈரத்தை அளக்கும். வெப்பப் படக்கருவி, ஈரம் பரவிய இடத்தைச் சுற்றுப்புறத்தினின்று வேறான நிறத்தில் காட்டும். ஆனால் ஒரு ரூபாய் நாணயமும் நல்ல கருவியே. டைல்ஸ் என வழங்கும் தரை ஓடுகளை நாணயத்தால் தட்டினால், அடியில் சாந்து நிறைந்த ஓடு கெட்டியான ஒலி தரும். வெற்றிடம் உள்ள ஓடு பொள்ளென ஒலிக்கும். பின்னது நாளடைவில் உடையும்.

விரிசல்களைப் படிப்பது தனிக்கலை. பூச்சின்மேல் மயிரிழைபோல் வலைப்பின்னலாகத் தோன்றும் கோடுகள் சாந்து உலரும்போது சுருங்கியதால் விளைபவை, அவற்றால் பேரச்சமில்லை. உத்தரமும் செங்கற் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக ஓடும் விரிசலும் பெரும்பாலும் பூச்சுவேலையின் குறையே. சன்னல் மூலையிலிருந்து சாய்வாகவோ, செங்கல் வரிசைகளைப் படிக்கட்டுபோல் பின்பற்றியோ அகன்று செல்லும் விரிசல் அத்தகையதன்று. அடித்தளம் ஒருபுறம் அமிழ்வதை அது உணர்த்தக்கூடும். விரிசலின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டைச் சாந்தால் ஒட்டிவைப்பது பழைய முறை; சுவர் அசையுமாயின் கண்ணாடி உடைந்துவிடும். தூணிலோ உத்தரத்திலோ விரிசலும் துருக்கறையும் சேர்ந்து தோன்றினால், உள்ளிருக்கும் இரும்புக்கம்பி கெடுகிறது என்று கொண்டு, கட்டுமானப் பொறியாளரை அழைத்தல் வேண்டும்.

நீரே வீட்டின் முதற்பகை. குளியலறையின் நீர்ப்போக்கியை அடைத்து, தரைமேல் நீரைத் தேக்கி, ஒருநாள் கழித்துக் கீழ்வீட்டின் மேற்கூரையைப் பார்த்தால் கசிவு புலப்படும். தேங்கிய நீரைத் திறந்துவிடும்போது அது மூலையில் நின்றால், தரைக்கு வாட்டம் சரியாக அமையவில்லை எனலாம். இவ்வாய்வைக் கோடையில் செய்வதினும் மழைக்காலத்தில் செய்வது நன்று. ஓதம் ஏறிய சுவரில் உப்புப் பூத்திருப்பதை அப்போது கண்ணாலேயே காணலாம்.

மின்னிணைப்பில் இரண்டு செய்திகளை மறவாமல் பார்க்க வேண்டும். மூன்று துளைச் செருகுவாய்களில் பெரிய துளை நிலத்தொடர்புக்குரியது. அத்துளைக்கு உண்மையாகவே கம்பி இணைக்கப்பட்டுள்ளதா என்பதைச் சிறு சோதனைக் கருவி காட்டும். மற்றொன்று, 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் காப்பு முறிப்பான். அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் உடனே விழ வேண்டும். விழாவிடில் அது பெயரளவில் நிற்கும் காவலாளியே.

வீட்டின் பரப்பையும் அளந்து பார்க்க வேண்டும். விளம்பரங்களில் 1,500 சதுர அடி என்று கூறப்படும் அளவில் மாடிப்படி, மின்தூக்கி, பொதுவழி ஆகியவற்றின் பங்கும் அடங்கியிருக்கும். 2016ஆம் ஆண்டின் நிலைச்சொத்து (ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சி)ச் சட்டம் உட்பரப்பு என்பதனை வரையறுத்துள்ளது. உள்ளே உள்ள தடுப்புச் சுவர்கள் அதில் சேரும். வெளிச்சுவரும் உப்பரிகையும் சேரா. விலை பேசும்போது கேட்க வேண்டிய அளவு இதுவே.

ஐதராபாத்திற்கு உரிய தனிக்கவலை ஒன்றுண்டு. இஃது ஏரிகளின் நகரம். தெலுங்கில் ‘செருவு’ என்பது ஏரியையும் ‘குண்ட’ என்பது குட்டையையும் குறிக்கும். இச்சொற்களில் முடியும் இடப்பெயரைக் கேட்டவுடனே, முன்பு நீர் எங்கே நின்றது என்று வினவுவது அறிவுடைமை. 1908 செப்டம்பரில் மூசி ஆறு பெருக்கெடுத்துப் பல்லாயிரவரைக் கொன்றது. அதன்பின் விசுவேசுவரய்யாவின் அறிவுரைப்படி உசுமான் சாகரும் இமாயத் சாகரும் எழுந்தன. ஆயினும் 2020 அக்டோபர் 13 அன்று பெய்த பெருமழையில், ஏரிகளை ஒட்டிய குடியிருப்புகள் பல நீரில் மூழ்கின. பத்து எக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட ஏரியின் முழு நீர்மட்ட எல்லையிலிருந்து 30 மீட்டர் வரை கட்டடம் கூடாது என்பது இம்மாநிலக் கட்டட விதி. 2024 சூலையில் அமைக்கப்பட்ட ‘ஐட்ரா’ என்னும் அரசு அமைப்பு, ஏரி நிலத்தில் எழுந்த கட்டடங்களை இடித்தது. அவற்றுள் வீடுகளும் இருந்தன. விற்றவர் பணத்தோடு சென்றார். வாங்கியவரிடம் கடன் எஞ்சியது. ஈரமானியும் ரசமட்டமும் இத்தகைய குறையைக் காட்டமாட்டா. நில வரைபடமும் வில்லங்கச் சான்றும் ஒப்புதல் ஆணையுமே காட்டும்.

ஆய்வாளரால் காண இயலாதவை வேறும் உள. சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் 2014 சூன் 28 அன்று, கட்டி முடியும் நிலையில் இருந்த பதினொரு மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்த தொழிலாளர். அருகில் நின்ற இணைக்கட்டடம் 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. மண்ணுக்குள் மறைந்த அடித்தளத்தின் வலிமையை முடிந்த வீட்டில் ஒருநாள் உலாவி அறிய இயலாது. மண் ஆய்வறிக்கையையும் கட்டமைப்பு வரைபடத்தையும் கேட்டுப் பெற்று, அத்துறைப் பொறியாளரிடம் காட்டுவதே வழி. ஆய்வறிக்கை ஒன்று கையில் இருப்பதாலேயே வீடு குற்றமற்றது என்று கருதிவிடலாகாது.

ஆய்வுக்குத் தக்க காலம், இறுதித் தவணையைச் செலுத்திச் சாவியைப் பெறுமுன் ஆகும். பணம் கைமாறியபின் குறைகூறுவோரின் குரல் மெலிந்துவிடும். எனினும் சட்டம் கைவிடவில்லை. மேற்கூறிய சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ தோன்றும் குறையைத் தெரிவித்தால், கட்டுநர் 30 நாள்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்தல் வேண்டும். தவறினால் தெலங்கானா நிலைச்சொத்து ஒழுங்குமுறை ஆணையத்தில் முறையிடலாம். அப்போது, நாளும் ஒளிப்படமும் இட்ட ஆய்வறிக்கை சான்றாக நிற்கும்.

சொற்பொருள்

உசாவுதல் – கேட்டறிதல்
உத்தரம் – கூரையைத் தாங்கும் கிடைமட்டத் தாங்கி
வாட்டம் – நீர் வடிவதற்கான சரிவு
ஓதம் – சுவரில் ஊறும் ஈரம்
வில்லங்கச் சான்று – சொத்தின்மீது பதிவான அடமானம், கைமாற்றம் முதலியவற்றைக் காட்டும் ஆவணம்

பயிற்சி

1. எவ்வகை விரிசல் அச்சம் தருவது? காரணம் கூறுக.
2. ‘பெயரளவில் நிற்கும் காவலாளி’ – இத்தொடர் எதனைக் குறிக்கிறது?
3. ஐதராபாத்தில் வீடு வாங்குவோர் ஏரியின் எல்லையை ஏன் அறிந்திருக்க வேண்டும்?
4. உங்கள் குளியலறைக் கதவில் புதிய வீட்டில் நீர்க்கசிவு தோன்றியுள்ளது எனக் கொண்டு, அதனைச் சரிசெய்யக் கோரிக் கட்டுநருக்கு உங்கள் பெற்றோர் சார்பில் கடிதம் எழுதுக. குறை கண்ட நாளையும் சட்டப்பிரிவையும் குறிப்பிடுக.
5. உங்கள் வீட்டுத் தரையில் பத்து ஓடுகளை நாணயத்தால் தட்டி, ஒலி வேறுபாட்டை அட்டவணையாக எழுதி வருக.