டாக்டர் பதில்கள்: காய்ச்சலைச் சொன்னவரை ஒதுக்காதீர்கள்

கேள்வி: நெல்லிவாசல்நாட்டில் ஒரு குக்கிராமம் எங்களுடையது. மகளிர் குழுவில் இருக்கிறேன். 2021 கொரோனாவின்போது வெளியூர் வேலைக்குப் போய்த் திரும்பிய பிள்ளைகளை ஊரே ஒதுக்கி வைத்தது. அதைப் பார்த்துப் பயந்து, காய்ச்சல் வந்தவர்கள் வெளியே சொல்லாமல் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு வீட்டிலேயே கிடந்தார்கள். இப்போதும் செல்போனில் 'புதிய உருமாறிய வைரஸ்' என்று அவ்வப்போது செய்தி வருகிறது. நிஜமாகவே அப்படி ஒன்று கிளம்பினால் மலைமேல் இருக்கும் நாங்கள் என்ன செய்வது டாக்டர்? அன்று போட்ட ஊசி இதற்கும் கேட்குமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பத்தூர் மாவட்டம்

பதில்: கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே அம்மா, நான் முதலில் பேச வேண்டியது அதைப் பற்றித்தான். வைரஸைவிட அந்தக் கம்பளிதான் எனக்குக் கவலை தருகிறது.

வைரஸ் நம் உடம்புக்குள் தன்னைத் தானே நகல் எடுத்துப் பெருகுகிறது. எடுக்கும்போது எழுத்துப்பிழை விழும். பெரும்பாலான பிழைகளால் ஒன்றும் ஆகாது. எப்போதாவது ஒரு பிழை, வேகமாகப் பரவும் வலுவை அதற்குக் கொடுத்துவிடுகிறது. டெல்டா அப்படி வந்தது, அதன் பிறகு ஒமைக்ரான் வந்தது. ஆனால் புதிதாக ஒன்று வந்திருப்பது எப்படித் தெரிகிறது? காய்ச்சல்காரர் ஒருவர் மூக்கைக் காட்டி, சளி மாதிரி கொடுத்தால்தான் தெரியும்.

தமிழகத்தின் முதல் ஒமைக்ரான் தொற்று 2021 டிசம்பர் 15 அன்று அறிவிக்கப்பட்டது. நைஜீரியாவிலிருந்து தோஹா வழியாகச் சென்னை வந்த பயணி அவர். ஆர்டிபிசிஆர் சோதனையில் வைரஸின் சில மரபணுக்களைத் தேடுவார்கள். மற்றவை தெரிந்தும் 'எஸ்' மரபணு மட்டும் காணாமல் போயிருந்தது. அதுவே முதல் துப்பு. பிறகு முழு மரபணு வரிசையைப் படித்து உறுதி செய்தார்கள். அதற்கான ஆய்வகம் ஒன்றைத் தமிழக அரசே அந்த ஆண்டு செப்டம்பரில் சென்னையில் திறந்திருந்தது. 2025-ல் பேசப்பட்ட என்.பி.1.8.1 வகை தமிழகத்தில் ஒருவரிடம் கண்டறியப்பட்டதும் மரபணு வரிசையைப் படித்துத்தான். உங்கள் மலையிலிருந்து மாதிரியே கீழே போகவில்லை என்றால், எவ்வளவு நல்ல ஆய்வகம் இருந்தும் உங்களுக்குப் பயன் இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். ஒமைக்ரானைக் கண்டதும் தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் 2021 நவம்பர் 24 அன்று உலக சுகாதார நிறுவனத்துக்கு ஒளிவுமறைவில்லாமல் தெரிவித்தார்கள். இரண்டே நாளில் அது கவலைக்குரிய வகை என்று அறிவிக்கப்பட்டது. கைம்மாறாக அந்த நாட்டுக்குக் கிடைத்தது என்ன? பல நாடுகள் விமானங்களை நிறுத்தின. அதற்குள் வைரஸ் வேறு நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. உண்மை சொன்னவனைத் தண்டித்தால் அடுத்தவன் வாய் திறப்பானா? அந்த நாட்டுக்கு நடந்ததுதான் உங்கள் ஊரிலும் நடந்திருக்கிறது. நகரத்திலும் நாம் ஒழுங்காக இருந்துவிடவில்லை. தொற்று வந்த வீட்டு வாசலில் தகரம் அடித்து மறைத்தோம். அது தவறு என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஊர்ப் பெயரை வைத்து வைரஸை அழைத்துப் பழி போடக் கூடாது என்றுதான், 2021 மே 31 அன்று டெல்டா போன்ற கிரேக்க எழுத்துப் பெயர்களை உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. வேலைக்குப் போன ஊரின் பெயரால் உங்கள் பிள்ளைகளையும் யாரும் அழைக்க வேண்டாம். வந்தவர் சில நாள் தனியாகத் தங்கட்டும். சாப்பாடு தவறாமல் வாசலுக்குப் போகட்டும், தினமும் ஒருவர் தள்ளி நின்று பேசிவிட்டு வரட்டும். தனிமைப்படுத்துவது வேறு, ஒதுக்கி வைப்பது வேறு.

ஊசியைப் பற்றிக் கேட்டீர்கள். புதிய வகைகள் ஊசி போட்டவரையும் தொற்றுகின்றன, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உயிரைக் காப்பதில் ஊசி நின்றது. 2021 மே மாதத்தில் தமிழகத்தில் ஒரு நாள் தொற்று 36,000-ஐத் தாண்டியது. மாத இறுதியில் நாளொன்றுக்குச் சுமார் 490 பேர் வரை இறந்தார்கள். 2022 ஜனவரி ஒமைக்ரான் அலையில் ஒரு நாள் தொற்று 30,000-ஐத் தொட்டும், இறப்பு முந்தைய அலையின் இறப்பில் ஒரு சிறு பங்காகவே இருந்தது. 'ஒமைக்ரான் சாதாரணச் சளி' என்று சொன்னவர்கள் ஹாங்காங்கைப் பார்த்திருக்க வேண்டும். 2022 தொடக்கத்தில் அதே ஒமைக்ரான் அங்கே ஆயிரக்கணக்கான முதியவர்களைக் கொன்றது. அவர்களில் பெரும்பாலோர் முழுமையாக ஊசி போடாதவர்கள். காலம் போகப் போக ஊசியின் காப்பு குறையும். அதனால் வயதானவர்களுக்கும், சர்க்கரை, இதய நோய் உள்ளவர்களுக்கும் மறு தவணை தேவையா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

இனி மலைக்கான விஷயம். உங்கள் எதிரி தூரம். டவுனில் மூச்சு வாங்கிய பிறகு ஆட்டோ பிடிக்கலாம். டோலி கட்டித் தூக்க வேண்டிய ஊரில் அதற்கு முன்பே கிளம்ப வேண்டும். கொரோனாவில் ஆக்சிஜன் இறங்கிய பிறகும் சிலர் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். "எனக்கு ஒன்றுமில்லை" என்பார்கள். அதை நம்பாதீர்கள். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் ஒன்று ஊருக்குப் பொதுவாக இருக்கட்டும். மலைக்குளிரில் விறைத்த விரலில் மாட்டினால் கருவி பொய் சொல்லும். கையை நன்றாகத் தேய்த்துச் சூடாக்குங்கள். நகப்பூச்சும் மருதாணியும் இல்லாத விரலாகப் பாருங்கள். நோயாளியை உட்கார வைத்து, கையை அசைக்காமல், எண் ஒரே இடத்தில் நிற்கும்வரை ஒரு நிமிடமாவது பொறுங்கள். 94-க்குக் கீழே போனால் கஷாயம் கொடுத்துப் பார்ப்போம், விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். செல்போன் சிக்னல் எந்த மேட்டில் கிடைக்கும், வண்டி எதுவரை ஏறும் என்பதும் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டியவை. நோயாளி இருக்கும் அறையின் கதவும் சன்னலும் திறந்திருக்கட்டும். பார்த்துக்கொள்பவர் முகக்கவசம் போடட்டும். வைரஸின் பெயர் எதுவானாலும் இவை மாறுவதில்லை.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு நோட்டை எடுத்து, ஊரில் 60 வயது கடந்தவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், காசநோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் பெயரை எழுதுங்கள். அவரவர் பெயருக்கு எதிரே, அவசரம் என்றால் தூக்கிச் செல்ல வரும் 4 பேரின் பெயரையும் எழுதுங்கள். அதைக் கிராம செவிலியரிடமும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.