மருத்துவத்தின் நான்காம் கூறு: தலைக்காயமும் தீவிர சிகிச்சையும்

‘மருந்து’ அதிகாரத்தில் திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காண்கிறார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணி செய்பவன் என்பன அவை. முதல் மூன்றையும் நாம் நன்கறிவோம். நான்காம் கூற்றின் அருமையை உணர்த்துவது இன்றைய நரம்பியல் தீவிர சிகிச்சையாகும்.

மண்ணூர் முதல் ஒரகடம் வரை தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. பணிமுறை மாறும் வேளைகளில் இருசக்கர ஊர்திகளும் பேருந்துகளும் சரக்கு லாரிகளும் ஒரே சாலையில் விரைகின்றன. இங்கு நேரும் விபத்துகளில் அஞ்சத்தக்கது தலைக்காயமே.

காயம் இருவகை

மூளை உடலெடையில் சுமார் 2 விழுக்காடே. ஆயினும் உடல் பெறும் உயிர்வளியில் சுமார் 20 விழுக்காட்டை அது நுகர்கிறது. மோதிய கணத்தில் நேர்வது முதல்நிலைக் காயம். அதனை எம்மருத்துவராலும் மாற்றவியலாது. பின்னர் உயிர்வளிக் குறைவு, இரத்த அழுத்தச் சரிவு, இரத்தக்கட்டு, வீக்கம் ஆகியவற்றால் விளைவது இரண்டாம் நிலைக் காயம். மண்டையோடு விரிந்துகொடாத பெட்டகம். உள்ளே வீக்கம் மிகுந்தால் மூளை நசுங்கும். இவ்விரண்டாம் காயத்தைத் தடுப்பதே தீவிர சிகிச்சையின் நோக்கமாகும்.

அடிபட்டவர் தெளிவாகப் பேசிப் பின் சில மணி நேரத்தில் நினைவிழப்பதும் உண்டு. ஆதலின், ‘நன்றாகத்தான் இருக்கிறார்’ என்று வீட்டுக்கு அனுப்புதல் பெரும் பிழையாகும்.

தமிழகத்தின் பங்கு

இந்திய நரம்பு அறுவை மருத்துவ வரலாற்றில் தமிழகத்திற்குச் சிறப்பிடம் உண்டு. 1949-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி நாட்டின் முதல் நரம்பு அறுவைத் துறையை நிறுவினார். 1950-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பா. இராமமூர்த்தி அப்பணியைத் தொடங்கினார். இவ்விரு நகரங்களையும் இணைக்கும் நெடுஞ்சாலையிலேயே ஸ்ரீபெரும்புதூர் அமைந்துள்ளது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர், கண் திறத்தல், பேச்சு, அசைவு ஆகிய மூன்றையும் கணித்து மதிப்பெண் இடுகின்றனர். 1974-இல் வெளியான கிளாஸ்கோ அளவுகோல் இது. 15 என்பது முழு விழிப்பு. 8-உம் அதற்குக் கீழும் கடுங்காயம். 3 மிகக் குறைந்தது. கண்மணியின் அளவு நோக்குதல், தலைப்பகுதியைச் சற்றே உயர்த்தி வைத்தல், செயற்கைச் சுவாசக் கருவியைக் கண்காணித்தல், படுக்கைப்புண் வாராமல் புரட்டுதல் என இரவும் பகலும் அவர்தம் பணி தொடர்கிறது. இவர்களே வள்ளுவர் குறித்த நான்காம் கூற்றினர்.

சாலையில் நிற்கும் நாம்

அந்நான்காம் கூறு மருத்துவமனையில் அன்று, சாலையிலேயே தொடங்குகிறது. விழுந்தவரை முதலில் காண்பவர் நாமே. 108-ஐ அழைத்தல் வேண்டும். கழுத்தை மடக்காமலும் திருகாமலும் காத்தல் வேண்டும். மூச்சுவழி அடைபடாமல் பார்த்தல் வேண்டும். குருதி வழியும் இடத்தைத் தூய துணியால் அழுத்துதல் வேண்டும். நினைவற்றவர் வாயில் நீர் ஊற்றுதல் கூடாது. அது மூச்சுக்குழலில் இறங்கும்.

காவல்நிலையம், நீதிமன்றம் என்னும் அச்சத்தால் ஒதுங்குவோர் பலர். உதவுவோரைத் துன்புறுத்தலாகாது என்னும் நெறிமுறைகளை 2016-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டமும் நல்லெண்ணத்துடன் உதவுவோர்க்குப் பாதுகாப்பளிக்கிறது. செலவு குறித்த தயக்கமும் வேண்டா. தமிழக எல்லைக்குள் விபத்துற்றோர்க்கு, பிற மாநிலத்தவராயினும், முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் தெரிவுசெய்யப்பட்ட மருத்துவமனைகளில் கட்டணமின்றி வழங்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021-இல் தொடங்கப்பட்டது. தொலைதூரத்திலிருந்து வந்து இத்தொழிற்சாலைகளில் உழைப்போர்க்கு இஃது அருந்துணையாகும்.

மாணவர்களே! தலைக்கவசம் அணிவது உங்கள் கடமை. விழுந்தவர் அருகில் நிற்பதும் உங்கள் கடமையே. வேடிக்கை பார்ப்போர் கூட்டத்திலிருந்து ஒருவர் முன்வரும் அந்நொடியிலேயே மருத்துவம் தொடங்கிவிடுகிறது.