வெயிலுக்கா, புகைக்கா? சான்பாடாவில் முகத்துக்கு எதை வாங்குவது

மும்பை வட்டாரத்துச் சான்பாடாவில் எந்த மருந்துக் கடைக்குள் நுழைந்தாலும் முகத்துக்கான அலமாரி மூன்று வாக்குறுதிகளைத் தருகிறது. வெயிலைத் தடுக்க சன்ஸ்கிரீன், புகையிலிருந்து காக்க ‘ஆன்டி பொல்யூஷன்’ கிரீம், கருமையைப் போக்க சீரம். மூன்றையும் வாங்கினால் மாத பட்ஜெட்டில் துண்டு விழும். ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் எது? விளம்பரம் இதற்கு நேர்மையான பதில் சொல்லாது. ஊரின் வெயில், ஊரின் காற்று, நம் தோலின் இயல்பு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும். காசை வெயில் காப்பில் போட வேண்டும். புகைக்குத் தண்ணீரும் மென்மையான ஃபேஸ்வாஷும் பெரும்பாலும் போதும். சீரத்துக்குக் கடைசி இடம். இந்த வரிசைக்கான காரணங்களையும், அதை எதிர்த்துச் சொல்லப்படுபவற்றையும் இனிப் பார்க்கலாம்.

ஊரின் வெயிலும் காற்றும்

சான்பாடாவை ஒட்டி சயான்-பன்வேல் நெடுஞ்சாலை ஓடுகிறது. பக்கத்திலேயே ஏ.பி.எம்.சி. மொத்த விற்பனை மார்க்கெட்டுக்கு வந்துபோகும் லாரிகள். அதற்கப்பால் தானே-பேலாப்பூர் சாலையோரத் தொழிற்பேட்டை. ஆகவே புகையைப் பற்றிய கவலை நியாயமானது. ஆனால் அந்தப் புகைக்குப் பருவம் உண்டு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை இரவில் குளிர்ந்த காற்று தரையோடு படிந்து தூசியையும் கரியையும் மேலே எழவிடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஜூனில் மழை பிடித்தால் செப்டம்பர் வரை காற்று கழுவப்பட்டுவிடுகிறது. வெயிலுக்கு அப்படி ஓய்வு கிடையாது. மும்பை வட்டாரம் 19 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் மே நடுவிலும் ஜூலை கடைசியிலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேராக நிற்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் புறஊதாக் குறியீடு நண்பகலில் 11-ஐத் தாண்டும்; உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் இதுதான் உச்சப் படி. குறியீடு 3-ஐ எட்டினாலே பாதுகாப்பு வேண்டும் என்கிறது அந்த நிறுவனம். இங்கே தெளிந்த டிசம்பர் நண்பகலிலும் அது 3-க்கு மேல்தான் இருக்கிறது. ஆண்டு முழுவதும் தொடரும் எதிரிக்கு முதலிடம் கொடுப்பதுதான் முறை.

நம் தோல் எப்படிப் பதில் சொல்கிறது

மாநிறத் தோலும் கறுத்த தோலும் வெயிலுக்குச் சும்மா நிற்பதில்லை. மெலனின் துகள்கள் செல்லின் கருவுக்கு மேலே குடைபோலக் குவிந்து மரபணுவைக் காக்கின்றன. 1979-இல் அமெரிக்காவில் நடந்த அளவீட்டில் வெயில் காப்பு எண்ணில் (எஸ்.பி.எஃப்.) கறுப்பினத்தவரின் மேல்தோலுக்கு சுமார் 13 அளவுக்கும், வெள்ளையரின் மேல்தோலுக்கு 3-க்குச் சற்று மேலாகவும் இயற்கைக் காப்பு இருப்பது தெரிந்தது. ‘நமக்கெதற்கு சன்ஸ்கிரீன்?’ என்று கேட்பவர்கள் இதைத்தான் சுட்டுகிறார்கள், அவர்கள் சொல்வதில் பாதி சரி. வெயிலால் வரும் தோல் புற்றுநோய் நம்மிடையே வெள்ளையரைவிட மிகக் குறைவு. ஆனால் அந்தக் காப்புக்கு ஒரு விலை இருக்கிறது. நிறமியைச் சுரக்கும் செல்கள் நம் தோலில் சுறுசுறுப்பானவை. சிறு தூண்டலுக்கும் நிறமியைக் கொட்டிவிட்டு, அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாதங்கள் எடுத்துக்கொள்ளும். கன்னத்து மங்கும், பரு ஆறிய இடத்துக் கரும்புள்ளியும் அப்படி வருபவை. 2010-இல் டெட்ராய்ட் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே கருமையான தோலில் நீடித்த கருமையை உண்டாக்குகிறது, வெளிர்தோலில் அப்படிச் செய்வதில்லை. நமக்கான சன்ஸ்கிரீனைத் தேர்ந்தெடுக்கும் முறையையே மாற்ற வேண்டிய செய்தி இது.

புகையின் வழி வேறு. டீசல் கரித்துகளில் ஒட்டியிருக்கும் கரிமச் சேர்மங்கள் தோல் செல்லின் ஓர் உணர்வியைத் தூண்டிவிட, அழற்சியும் நிறமிச் சுரப்பும் கூடுகின்றன. ஓசோன் வாயு மேல்தோலில் இருக்கும் வைட்டமின் ஈ-யைத் தின்று தீர்க்கிறது. ஜெர்மனியில் முதிய பெண்கள் 400 பேரை ஆராய்ந்து 2010-இல் வெளியான முடிவில், போக்குவரத்துக் கரி அதிகமான இடங்களில் வசித்தவர்களுக்கு நெற்றியிலும் கன்னத்திலும் நிறப்புள்ளிகள் சுமார் 20 சதவீதம் கூடுதலாக இருந்தன. ஆனால் அவர்கள் வெள்ளையர்கள். ஆய்வு காட்டியதும் தொடர்பைத்தான், காரணத்தை அல்ல. வெயில் காப்புக்கு இதைவிட வலுவான சான்று உண்டு. ஆஸ்திரேலியாவின் நாம்பூரில் 903 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து நான்கரை ஆண்டுகள் கவனித்தார்கள். தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களுக்கு, தோன்றியபோது பூசியவர்களைவிட தோல் முதுமை 24 சதவீதம் குறைவு. அதுவும் வெள்ளையர் ஊர்தான் என்றாலும் அது சோதனை. காரணத்தையும் விளைவையும் இணைத்துக் காட்டக்கூடியது. போதாததற்கு, கரிச் சேர்மங்களும் புறஊதா ஏ கதிரும் சேர்ந்து தாக்கினால் சேதம் கூடுகிறது என்று ஆய்வகச் சோதனைகள் சொல்கின்றன. வெயிலைத் தடுத்தாலே புகையின் கையும் கொஞ்சம் கட்டப்படும்.

எந்த சன்ஸ்கிரீன்?

டப்பாவில் பெரிதாக அச்சிட்ட எஸ்.பி.எஃப். எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அது தோலைச் சிவக்க வைக்கும் புறஊதா பி கதிருக்கான அளவு. 30 என்றால் சுமார் 97 சதவீதமும் 50 என்றால் 98 சதவீதமும் தடுக்கும், வித்தியாசம் அவ்வளவுதான். அந்த எண்ணே சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி அளந்தது. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்கினால்தான் ஏறக்குறைய அந்த அளவு வரும். பலர் அதில் பாதிகூட எடுப்பதில்லை. எனவே 50-ஐச் சிக்கனமாகத் தடவுவதைவிட 30-ஐத் தாராளமாகப் பூசுவது மேல். அடுத்து ‘பி.ஏ.’ குறி. இது புறஊதா ஏ-க்கானது. மூன்று கூட்டல் குறியாவது இருக்கட்டும். துத்தநாக ஆக்ஸைடு உள்ள கனிம வகை எரிச்சல் குறைந்தது, குழந்தைகளுக்கும் எளிதில் சிவக்கும் தோலுக்கும் ஏற்றது. ஆனால் மாநிறத்தில் சாம்பல் பூத்தாற்போல் தெரியும், அதனாலேயே பலர் இரண்டாம் நாள் அதைத் தொடுவதில்லை. ரசாயன வடிகட்டி வகை படிந்து மறைந்துவிடும். வேர்வையோடு கண்ணில் இறங்கினால் எரியும். மங்கு இருப்பவர்களுக்கு மூன்றாவது வகைதான் சரி. இரும்பு ஆக்ஸைடு கலந்த, நிறமுள்ள ‘டின்டட்’ சன்ஸ்கிரீன் அது. வெள்ளையும் நிறமற்றதுமான பூச்சுகள் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைப் பெரும்பாலும் விட்டுவிடும், இது தடுக்கும். லேபிளில் 77491, 77492, 77499 என்ற எண்கள் இருந்தால் இரும்பு ஆக்ஸைடு இருக்கிறது என்று பொருள். உங்கள் நிறத்துக்குப் பொருந்துவது கிடைக்காவிட்டால் சாதாரண சன்ஸ்கிரீன் மேல் இதே எண்கள் உள்ள காம்பேக்ட் பவுடரைப் போட்டுக்கொள்ளலாம்.

புகைக்கு எது?

‘ஆன்டி பொல்யூஷன்’ என்ற சொல்லுக்கு எஸ்.பி.எஃப். போல எல்லோரும் ஏற்ற அளவுகோல் இல்லை. எந்த கிரீமும் அதைப் போட்டுக்கொள்ளலாம். தோலில் படிந்த கரியை அகற்ற, வீடு திரும்பியதும் ஒருமுறை கழுவினால் போதும். ஸ்க்ரப் போட்டுத் தேய்த்தால் தோலின் தடுப்புச் சுவரே கிழிந்து துகள் உள்ளே போக வழி கிடைக்கும். இதற்கு மேல் ஒன்று வேண்டுமானால் சீரங்களில் வரும் நியாசினமைடும் வைட்டமின் சி-யும் போட்டிக்கு வருகின்றன. வைட்டமின் சி-க்கு ஆய்வகச் சான்று நல்லது, ஆனால் 10 முதல் 20 சதவீதச் செறிவும் கடும் அமிலத் தன்மையும் வேண்டும். நம் ஊர் வெக்கையில் திறந்த குப்பி சீக்கிரமே தேநீர் நிறமாகிவிடும். அப்படி ஆனால் அது கெட்டுவிட்டது. நியாசினமைடு 4, 5 சதவீதத்திலேயே நிறமி மேற்செல்லுக்குப் போவதைக் குறைக்கிறது, தடுப்புச் சுவரையும் பலப்படுத்துகிறது. வெப்பத்தைத் தாங்கும், விலையும் குறைவு. சான்பாடா அலமாரிக்கு அதுவே பொருத்தம்.

எதிர்வாதங்கள்

சன்ஸ்கிரீன் போட்டால் வைட்டமின் டி குறையாதா என்பார்கள். வெயிலில் நின்றும் நம்மில் பலருக்குக் குறைவு இருக்கத்தான் செய்கிறது. அன்றாட அளவில் பூசுபவர்களுக்கு அது பெரிதாகக் குறைவதாகச் சோதனைகள் காட்டவில்லை. சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்து மாத்திரை எடுத்துக்கொள்ளலாம், முகத்தை வாட்ட வேண்டியதில்லை. மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் போதாதா? ஆய்வகத்தில் எண்ணெய்க்குச் சிறிய எஸ்.பி.எஃப். எண் ஒன்று கிடைத்ததுண்டு, அதை நம்பி மே மாத மதியத்தில் இறங்க முடியாது. ஒரே வாரத்தில் வெளுப்பாக்கும் கிரீம் மலிவாயிற்றே? ஆபத்து அங்கேதான். ஸ்டீராய்டு கலந்த பூச்சுகள் தோலை மெலிய வைத்து முகத்தைக் கெடுத்ததால், 2018-இல் மத்திய அரசு அவற்றில் 14 வகையை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021-க்கும் 2023-க்கும் இடையே ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 15 பேரில் 13 பேர் வெளுப்பு கிரீம் பூசியவர்கள். பாதரசம்தான் காரணம் என்று சந்தேகிக்கப்பட்டது.

யாருக்கு எது?

கடைசியில், வெளியே இருக்கும் நேரமே தீர்மானிக்கிறது. காலை எட்டு மணி லோக்கலில் செம்பூர் போய் இருட்டியபின் திரும்புபவருக்கு உச்சி வெயில் படுவதில்லை, எஸ்.பி.எஃப். 30-ஐக் காலையில் ஒருமுறை பூசி மாலையில் முகம் கழுவினால் போதும். மதியம் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருபவருக்குக் குடை முதல் காப்பு; அது வெளிச்சத்தையும் சேர்த்துத் தடுக்கும். டூவீலரில் டெலிவரிக்குப் போகிறவரும் மார்க்கெட்டில் சுமை தூக்கும் மாத்தாடித் தொழிலாளியும் பூசியது வேர்வையில் கரைந்துவிடும். அவர்களுக்கு முழுக்கைச் சட்டை, முகத்தைச் சுற்றிய நெருக்கமான பருத்தித் துணி, வேர்வையைத் தாங்கும் வகை சன்ஸ்கிரீன், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபூச்சு. கார் ஓட்டுநருக்குப் பக்கவாட்டுக் கண்ணாடி புறஊதா பி-யைத் தடுத்தாலும் ஏ-யைக் கணிசமாக உள்ளே விடும். நம் வண்டியில் அது விழுவது வலது கன்னத்தில். மங்கு ஏற்கெனவே வந்துவிட்டவர் எந்த சீரத்தையும் வாங்கும் முன் தோல் மருத்துவரைப் பாருங்கள். மற்றவர்கள் பணத்தை ஒரு நல்ல சன்ஸ்கிரீனிலும் ஒரு குடையிலும் போடுங்கள். மீதி இருந்தால் நியாசினமைடு வாங்கலாம், இல்லாவிட்டாலும் குறையில்லை.