துளி உடையும் இடம்

திருத்தணிக்காரனான எனக்கு வெயில் பழகியதுதான். அந்த வெக்கை ஒரு நீர்த்துளியைக் கூட இடம் மாற்றும் என்பதை, சென்னையில் ஓர் ஆய்வகத்தில் கலந்திருக்கும் செல்களில் வேண்டியவற்றைப் பிரித்தெடுக்கும் செல் சார்ட்டர் கருவியை இயக்கப் பழகியபோதுதான் கண்டேன்.

ஆடிக் கிருத்திகையன்று எங்கள் மலையில் கூட்டத்தைத் தடுப்புகள் வரிசையாக்குவதுபோல, கருவிக்குள் ஷீத் திரவம் சூழ்ந்து ஓடி, செல்களை ஒற்றை வரிசையில் லேசர் முன் கொண்டுவருகிறது. ஒளிரும் சாயம் ஏற்றிய செல் எது என்று லேசர் காட்டிவிடும். அதிரும் நாசில், அதாவது நுண்துளை முனை, அந்த ஓட்டத்தைத் துளிகளாக உடைக்கிறது. 70 மைக்ரான் நாசிலில் நொடிக்குச் சுமார் 90,000 துளிகள். வேண்டிய செல் உள்ள துளிக்கு மட்டும் மின்னூட்டம் ஏறும். மின்தகடுகள் அதைக் குழாய்க்குள் திருப்பிவிடும். துளிகளைத் திருப்பிச் செல்களைப் பிரிக்கலாம் என்று மேக் ஃபுல்வைலர் 1965இல் காட்டினார். ரிச்சர்ட் ஸ்வீட்டின் இங்க்ஜெட் நுட்பம் அதற்குக் கைகொடுத்தது.

லேசரைக் கடந்த செல், துளி உடையும் இடத்தை அடையும் நேரமே ட்ராப் டிலே. அந்த நேரத்தைக் கணக்கிட்டுத்தான் கருவி மின்னூட்டம் ஏற்றும். ஒரு சித்திரை மதியம் ஏசி நின்று, அறை சூடேறியது. டிலேயைச் சரிபார்க்காமல் தொடர்ந்தேன். உடையும் இடம் நகர்ந்திருந்தது. குழாயில் விழுந்தவை பெரும்பாலும் வேண்டாத செல்கள். கற்றுக்கொடுத்த அக்கா, “தம்பி, கிராஃபை அப்புறம் பார்க்கலாம். முதல்ல துளியைப் பாரு” என்றார்.

அன்றிலிருந்து நான் கைவிடாதவை:

• லேசர்கள் அரை மணி நேரம் சூடான பின்பே அளவுகளைச் சரிசெய்வேன்.

• நாசில் துளை, செல்லின் விட்டத்தைப்போல் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும்.

• ஏற்றுவதற்குச் சற்று முன் சாம்பிளை 40 மைக்ரான் வடிகட்டியில் வடிப்பேன். ஒட்டிய செல்கள்தான் நாசிலை அடைக்கின்றன.

• நொடிக்கு வரும் செல்களின் எண்ணிக்கையைத் துளிகளின் எண்ணிக்கையில் கால் பங்குக்குள் வைப்பேன். மீறினால் வேண்டிய செல்லோடு வேண்டாததும் ஒரே துளியில் வருவது கூடும். தூய்மைக்காகக் கருவி இரண்டையும் கழித்துவிடும்.

• சேகரிக்கும் குழாயில் முன்பே சிறிது சீரம் விடுவேன். வேகமாக விழும் செல்லுக்கு அது மெத்தை.

• பிரித்ததில் சிறிதளவை மறுபடி ஓட்டித் தூய்மையைப் பார்க்காமல் யாரிடமும் கொடுக்க மாட்டேன்.

ஏசி நின்ற அன்று வீணானது ஒருவர் தானமாகக் கொடுத்த ரத்தம். இன்னொரு முறை கேட்க எனக்கு வாய் வரவில்லை. இப்போதும் குழாயைப் பொருத்துமுன் ஒருமுறை துளியைப் பார்க்கிறேன்.