கடைக் கணினி நோயுற்றால்: லினக்ஸ் உபயோகிப்போருக்கு ஒரு பாடம்



மளிகைச் சரக்கு மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவரின் கடையில் நடந்த விஷயம் இது. சனிக்கிழமை இரவு, கடை சாத்தும் வேளை. அன்றைய பற்று வரவைப் பதிய அவருடைய மகன் கணினியின் முன் உட்கார்ந்தான். பதிந்தால் கணினி ஏற்க மறுத்தது. இந்த ஹார்ட் டிஸ்க்கைப் படிக்கலாம், எழுத முடியாது என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டியது. பையன் அணைத்துவிட்டு மறுபடி மூட்டினான். சற்று நேரம் ஓடிப் பின் அதே மறுப்பு. மீண்டும் அணைத்தான். மூன்றாம் முறை எழுப்பியபோது கறுப்புத் திரையில் நாலு வரி எழுத்தோடு கணினி நின்றுவிட்டது.

உள்ளே இருந்தது ஏழு வருஷத்துப் பேரேடு. கோத்தா திங்கியிலிருந்து பத்து பகாட் வரை எந்தெந்தக் கடைக்காரர் எவ்வளவு வெள்ளி பாக்கி என்பதெல்லாம் அதில்தான். நகல் இருந்ததா என்று கேட்டேன். இருந்தது, அதே ஹார்ட் டிஸ்க்கில், வேறொரு பெயரில்!

"காக்கா, ஏதோ ஒரு கட்டளை கொடுக்கச் சொல்லிக் கேட்கிறது. பையன் கொடுக்கட்டுமா?" என்று நண்பர் தொலைபேசியில் கேட்டார். "தம்பி, ஒன்றையும் அமுக்க வேண்டாம். மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டுச் சும்மா இருக்கச் சொல். காலையில் வருகிறேன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை விளக்குவதே இப்பாடத்தின் முக்கியப் பகுதி. அதற்கு முன் சில அடிப்படைகளை அறிந்துகொள்வோம்.

நம் கடைகளில் பல பழைய கணினிகள் லினக்ஸுக்கு மாறியிருக்கின்றன. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அடுத்ததான விண்டோஸ் 11, சுமார் 2017க்கு முற்பட்ட பெரும்பாலான கணினிகளை ஏற்பதில்லை. நன்றாக ஓடுகிற இயந்திரத்தைக் குப்பையில் போட எந்த வியாபாரிக்கு மனம் வரும்? ஆகவே உபுண்டு, மின்ட், டெபியன் என்று பெயர் கொண்ட லினக்ஸ் வகைகளில் ஒன்றை நிறுவிக்கொண்டார்கள். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய வேலை இன்று நம் பெட்டியடி வரை வந்துவிட்டது. ஆனால் மாறியவர்களில் பலர், பழுது வந்தால் பழைய வழக்கப்படி அணைத்து அணைத்து எழுப்புவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். லினக்ஸின் பெரிய அனுகூலத்தை அவர்கள் அனுபவிப்பதேயில்லை.

அந்த அனுகூலம் யாதெனில், லினக்ஸ் நல்ல கணக்கப்பிள்ளையைப் போல எல்லாவற்றையும் எழுதி வைக்கிறது. லினக்ஸின் மையமாகிய கெர்னல், எந்தச் சாதனம் எப்போது வந்தது, எது பதில் தரவில்லை, எந்த இடத்தில் படிக்க முடியவில்லை என்று நொடிக்கு நொடி குறிப்பெழுதுகிறது. இக்குறிப்பேட்டைத் திறக்கும் கட்டளை டி-எம்-இ-எஸ்-ஜி என்ற ஐந்தெழுத்து. (கட்டளைகளை ஆங்கிலச் சிறிய எழுத்தில்தான் தட்ட வேண்டும், இங்கே நம் எழுத்தில் ஒலியைத் தருகிறேன்.) அதற்கு முன்னால் எஸ்-யு-டி-ஓ என்று சேர்த்தால் நிர்வாகியின் அதிகாரத்தோடு திறக்கும். பின்னால் இடைவெளி விட்டு, சிறு கோடு போட்டு, பெரிய எழுத்து டி சேர்த்தால் ஒவ்வொரு வரிக்கும் தேதியும் மணியும் தெரியும். சிறு கோட்டோடு சிறிய எழுத்து டபிள்யூ சேர்த்தாலோ குறிப்பேடு திறந்தபடியே நிற்கும். அப்போது பிரிண்டரின் கேபிளைச் சொருகினால் புதிய வரிகள் நம் கண்ணெதிரே விழும். ஒரு வரியும் விழாவிட்டால் கேபிளையோ, துளையையோ, பிரிண்டரின் மின்சாரத்தையோ பார்க்க வேண்டும். மென்பொருளைக் குடைந்து பயனில்லை. "எர்ரர் மைனஸ் 71" என்று திரும்பத் திரும்ப விழுமானால் பெரும்பாலும் கேபிள் கெட்டது அல்லது மின்சாரம் போதவில்லை என்று கொள்ளலாம். ஒரே துளையிலிருந்து பிரிப்பான் போட்டு நாலு சாதனத்துக்கு உயிர் கொடுக்கப் பார்ப்பவர்கள் இவ்வரியை அடிக்கடி காண்பார்கள். பழைய யூஎஸ்பி 2 வகைத் துளை ஒன்று தருவது 500 மில்லி ஆம்பியர் மட்டுமே.

சாதனம் ஒன்று வேலை செய்யவில்லையென்றால் மூன்று கேள்விகளை வரிசை மாறாமல் கேட்க வேண்டும். கணினியின் கண்ணுக்கு அது தெரிகிறதா? தெரிந்தால், அதை ஓட்டும் டிரைவர் இருக்கிறதா? இருந்தால், அதைத் தொட நமக்கு அனுமதி உண்டா? முதல் கேள்விக்கு எல்-எஸ்-யு-எஸ்-பி என்ற கட்டளை, வெளியே சொருகியவற்றைப் பட்டியலிட்டு விடை தரும். உள்ளே பொருத்தியவற்றுக்கு எல்-எஸ்-பி-சி-ஐ. இதனோடு சிறு கோடும் கே எழுத்தும் சேர்த்தால் ஒவ்வொன்றின் கீழும் எந்த டிரைவர் ஓட்டுகிறது என்று வரும். அந்த வரியே இல்லாவிட்டால் ஓட்டுநர் இல்லாத வண்டி என்று பொருள். வைஃபை அட்டைகள் சிலவற்றில் டிரைவர் இருந்தும், அட்டைக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் இல்லாமல் படுத்துவிடும். 2023இல் வந்த டெபியன் 12 முதல் நிறுவும் பிரதியிலேயே அவற்றைச் சேர்த்துத் தருகிறார்கள். அதற்கு முந்தியதை வைத்திருப்பவர்கள் தனியே போட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது கேள்வியில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். எடைத் தராசு, பழைய பார்கோடு கருவி ஆகியவை யூஎஸ்பி வழியாக வந்தாலும் உள்ளே சீரியல் முறையில் பேசுபவை. உபுண்டுவிலும் டெபியனிலும் அவற்றைத் தொட டயல்அவுட் என்ற குழுவில் நம் பெயர் இருக்க வேண்டும். ரசீது பிரிண்டரை நேரடியாகத் தொட எல்-பி என்ற குழு. பெயர் சேர்க்க ஆட்யூஸர் என்ற கட்டளையே உத்தமம்: முதலில் நம் பெயர், பிறகு குழுவின் பெயர். இதே வேலையைச் செய்யும் யூஸர்மாட் என்ற கட்டளையில் ஏ என்ற ஓரெழுத்தை விட்டுவிட்டால் மற்றக் குழுக்களிலிருந்தெல்லாம் பெயர் நீங்கி, நிர்வாக அதிகாரமே போய்விடும். சேர்த்த பின் கணக்கிலிருந்து வெளியேறி மறுபடி நுழைந்தால்தான் அமலுக்கு வரும்.

எடைத் தராசு என்றதும் ஒரு வேடிக்கை நினைவுக்கு வருகிறது. 2022இல் வந்த உபுண்டு 22.04இல், சிஹெச்340 என்ற மலிவான சில்லு கொண்ட சீரியல் கேபிளைச் சொருகினால், கணினி அதைக் கண்டுகொண்டு அடுத்த நொடியே கைவிட்டுவிடும். கேபிள்தான் பழுது என்று மூன்று கேபிள் வாங்கியவரை நான் அறிவேன். குற்றவாளி கேபிள் அல்ல. பார்வையற்றோர் தடவிப் படிக்கும் பிரெய்ல் கருவிக்கான பி-ஆர்-எல்-டி-டி-ஒய் என்ற நிரல், அதே அடையாள எண்ணைக் கண்டு, இது நம்முடைய கருவி என்று பிடுங்கிக்கொள்கிறது. குறிப்பேட்டில் இந்தப் பெயர் வெட்ட வெளிச்சமாக நிற்கும், படிப்பவர்தான் இல்லை. பிரெய்ல் கருவி உபயோகிப்பவர் இல்லாத கடையில் அந்நிரலை நீக்கிவிட்டால் தராசு பேச ஆரம்பிக்கும்.

இனி ஹார்ட் டிஸ்க்குக்கு வருவோம். கணினியில் வேறெது போனாலும் காசு கொடுத்து வாங்கலாம். சிம் லிம் சதுக்கத்திலோ லோ யாட் பிளாசாவிலோ பேரேட்டை விற்பதில்லை.

ஒவ்வொரு ஹார்ட் டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே எழுதி வைக்கிறது. இதற்கு ஸ்மார்ட் என்று பெயர். ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற தொகுப்பை நிறுவி, ஸ்மார்ட் என்பதோடு சி-டி-எல் சேர்த்த கட்டளையைக் கொடுத்தால் நீண்ட அட்டவணை வரும். அதில் நாலு எண்களைப் பார்த்தால் போதும். 5ஆம் எண், கெட்டுப்போனதால் மாற்று இடம் கொடுக்கப்பட்ட பகுதிகளின் தொகை. 197, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் பகுதிகள். 198, சோதனையில் மீட்க முடியாதவை. இம்மூன்றுக்கும் கடைசிப் பத்தியில் பூஜ்யம் இருப்பதே ஆரோக்கியம். பூஜ்யமில்லாமல் மாதா மாதம் ஏறினால் அந்த டிஸ்க்கை நம்பிக் கடை நடத்தலாகாது. நாலாவதாகிய 199 வேறு ஜாதி. அது ஏறினால் பெரும்பாலும் டிஸ்க் நல்லதே. அதற்கும் பலகைக்கும் நடுவிலுள்ள கேபிள்தான் கெட்டது. சில வெள்ளி கேபிளுக்காக நல்ல டிஸ்க்கைத் தூக்கியெறிந்தவர்கள் உண்டு.

ஆனால் எல்லாம் பூஜ்யமாக இருக்கிறதே என்று நிம்மதியாகத் தூங்கலாமா? கூடாது. கூகுள் நிறுவனத்தார் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தங்கள் டிஸ்க்குகளைக் கவனித்து 2007இல் வெளியிட்ட ஆராய்ச்சி இரண்டு பக்கத்தையும் காட்டியது. சோதனையில் முதல் பிழை கண்ட டிஸ்க், பிழையற்றதைவிட 39 மடங்கு அதிகமாக, அடுத்த 60 நாளுக்குள் போய்விடும் அபாயத்தில் இருந்தது. அதே சமயம், செத்துப்போன டிஸ்க்குகளில் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான எச்சரிக்கை எண்களில் ஒன்றையுமே காட்டாமல் செத்தன. எனவே எண் ஏறினால் உடனே மாற்றுங்கள். எண் ஏறாவிட்டாலும் நகல் வேறோர் இடத்தில், வேறொரு டிஸ்க்கில் இருக்கட்டும்.

நண்பர் கடைக்குத் திரும்புவோம். கணினி எழுத மறுத்தது அதன் முரட்டுத்தனம் அல்ல. டிஸ்க்கின் கோப்பமைப்பில் தவறு கண்டதும், மேலும் எழுதினால் இருப்பதும் கெடும் என்று லினக்ஸ் தானே கதவைச் சாத்திக்கொண்டது. மூன்றாம் தடவை கறுப்புத் திரையில் கேட்டது, எஃப்-எஸ்-சி-கே என்ற பழுதுபார்க்கும் கட்டளையை. மின்சாரம் சட்டென்று போனதால் வந்த குழப்பம் என்றால் இக்கட்டளையைத் தாராளமாகக் கொடுக்கலாம். டிஸ்க்கே செத்துக்கொண்டிருக்கிறது என்றால், அது சாகும் நோயாளியை எழுப்பி மூட்டை தூக்கச் சொல்வதாகும். எது என்று தெரியாமல் கொடுக்கலாகாது. ஆகவேதான் நிறுத்தச் சொன்னேன்.

மறுநாள் லினக்ஸ் உள்ள யூஎஸ்பி குச்சியிலிருந்து கணினியை எழுப்பி, ஸ்மார்ட் அட்டவணையைப் பார்த்தோம். 197இல் மூன்று இலக்க எண். குறிப்பேட்டிலோ வரிக்கு வரி படிக்க முடியவில்லை என்ற புலம்பல். உடனே அதைவிடப் பெரிய புது டிஸ்க் ஒன்றை வாங்கி வரச் செய்து, டி-டி-ரெஸ்கியூ என்ற நிரலால் முழு நகல் எடுத்தோம். (தொகுப்பின் பெயரில் முன்னால் ஒரு ஜி சேர்ந்திருக்கும்.) இந்நிரலின் சாமர்த்தியம், நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வருவது. எதுவரை எடுத்தோம் என்று ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொள்வதால், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். இங்கே உயிர் போகிற ஜாக்கிரதை ஒன்று உண்டு. முதலில் எழுதுவது பழைய டிஸ்க்கின் பெயர், அடுத்தது புதியதன் பெயர். மாற்றி எழுதினால் வெறும் டிஸ்க் பேரேட்டின் மேல் ஏறிவிடும். எல்-எஸ்-பி-எல்-கே கட்டளையில் அளவைப் பார்த்து எது எது என்று காகிதத்தில் குறித்து, இன்னொருவரைப் படிக்கச் சொல்லி ஒத்துப் பார்த்த பின்பே விசையைத் தட்டினேன். அன்று மாலையும் இரவும் ஓடியது. எஃப்-எஸ்-சி-கே கட்டளையைப் புது டிஸ்க்கில் இருந்த நகலின்மேல்தான் கொடுத்தோம். சில பழைய பட்டியல்களும் படங்களும் போயின. பேரேடு கிடைத்தது. அதன் பிறகு குறிப்பேட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். முதல் புலம்பல் இரண்டு வாரத்துக்கு முன்பே பதிவாகியிருந்தது.

மற்றப் பாகங்களைச் சுருக்கமாகப் பார்ப்போம். காரணமின்றி நிரல்கள் விழுவதும், ஒரே கோப்பு ஒரு தடவை திறந்து மறு தடவை திறக்காததும் ரேம் பழுதின் குறிகள். மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற சோதனையை இரவு முழுதும் ஓட விடுங்கள். ஒரு பிழை வந்தாலும் அந்த ரேம் உதவாது. இரண்டு துண்டு இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதித்து எது கெட்டது என்று அறியலாம். பிற்பகலில் மட்டும் கணினி தானே அணைந்தால் சூட்டைச் சந்தேகியுங்கள். மிளகாய்த் தூளும் மாவும் பறக்கும் கடையில் விசிறி அடைத்துக்கொள்வது சகஜம். சென்ஸர்ஸ் என்ற கட்டளை வெப்பத்தைச் சொல்லும். சூடு மிஞ்சியதால் வேகம் குறைக்கப்பட்டது என்று குறிப்பேட்டிலும் வரி இருக்கும். கடிகாரம் பல வருஷம் பின்னோக்கிப் போனால் பலகையிலுள்ள சிஆர்2032 என்ற 3 வோல்ட் பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது. இணையம் உள்ள கடையில் நேரம் தானே திருந்திவிடுவதால் இது வெளியே தெரியாது. இணையம் இல்லாத நாளில் தவறான தேதியோடு ரசீதுகள் போய்விடும்.

கடைசியாக, பழுதுபார்ப்பவரிடம் கொண்டு போக நேர்ந்தால் வெறும் கையோடு போக வேண்டாம். டி-எம்-இ-எஸ்-ஜி குறிப்பையும் ஸ்மார்ட் அட்டவணையையும் அச்சிட்டுக் கொண்டு போங்கள். கணினி எழும்ப மறுத்தால் யூஎஸ்பி குச்சியிலிருந்து எழுப்பி ஸ்மார்ட் அட்டவணையை எடுக்கலாம். "அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தருகிறேன்" என்று அவர் சொன்னால், நகல் எடுத்து முடியும் வரை டிஸ்க்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மிச்சக் கணினியை மட்டும் கொடுங்கள். அதைப் பிடித்திருப்பவை பெரும்பாலும் நாலு திருகுகள்தான்.