பேகன் மலையின் எழுதாத பக்கங்கள்

பழனி மலைத்தொடரின் கீழ்மலையில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த ஊர் பெரும்பாறை. இம்மலைநாடு சங்க இலக்கியத்திற்குப் புதியதன்று. பழனியின் பழம்பெயர் பொதினி. ஆவியர் குடியில் தோன்றி இந்நாட்டை ஆண்ட வையாவிக் கோப்பெரும்பேகன், மயிலுக்குப் போர்வை அளித்த வள்ளலாக அறியப்படுகிறான்.

அவனைப் பற்றிய மற்றொரு செய்தி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்திருந்தபோது கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வரும் அவள்பொருட்டு அவனிடம் பாடினர். புறநானூற்றில் 143 முதல் 147 வரையுள்ள பாடல்கள் அவை. ஒரு பாடலில் கண்ணகி பேசவும் செய்கிறாள். அப்பேச்சும் பரணர் வாய்மொழியாகவே கிடைக்கிறது. அரசன் மனைவிக்கே இந்நிலை என்றால், தினைப்புனம் காத்தவளும் பாறையேறித் தேன் எடுத்தவனும் தம் கதையைத் தாமே சொல்ல எங்கே இடம் இருந்திருக்கும்? குறமகள் இளவெயினி போன்ற குரல்கள் மிக அரியவை.

இக்குறையைத் தம் வட்டாரத்தில் போக்க முயன்றவர் கி. ராஜநாராயணன். கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவல் அவர் ஊர். பள்ளிக்கல்வி மிகுதியும் பெறாத அவர், உழவர் பேச்சையே தம் நூலகமாகக் கொண்டார். 1982இல் வெளிவந்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி, மக்கள் வாயிலிருந்த சொற்களுக்கு ஏட்டில் இடம் தந்தது. நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்தார். ‘கதைசொல்லி’ என்னும் இதழையும் நடத்தினார். ‘கோபல்லபுரத்து மக்கள்’ 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அடுத்த ஆண்டு வெளிவந்த பாமாவின் ‘கருக்கு’, ஒடுக்கப்பட்டோரின் தன்வரலாறு அவர்தம் பேச்சுமொழியிலேயே நிற்கும் என்று காட்டியது.

கரிசலுக்கு வாய்த்தது மலைக்கும் வாய்க்கலாம். பெரும்பாறை போன்ற ஊர்களில் காப்பி, மிளகு, மலைவாழை ஆகியவற்றைச் சார்ந்தே வாழ்வு நடக்கிறது. முடிக்கொத்து நோயால் மலைவாழை அழிந்த காலத்தைக் கண்ட முதியோர் இன்னும் உள்ளனர். பழனி மலைப் பளியர், குறிஞ்சி பூக்கும் பன்னீராண்டுக் கணக்கைக் கொண்டு வயதைக் கணித்தவர்கள். 2018இல் பூத்த குறிஞ்சி இனி 2030இல்தான் பூக்கும். அதுவரை காத்திருக்க எல்லா முதியோர்க்கும் இயலாது.

எழுத முனையும் மாணவர், “கதை சொல்லுங்கள்” என்று கேட்டால் பெரியவர்கள் தயங்குவர். தேய்ந்த கவாத்துக் கத்தியைக் காட்டி, “இது யாருடையது, தாத்தா?” என்று கேட்டால் பேச்சு தானே பெருகும். சொன்னவரின் சொல்லைத் திருத்தாமல் எழுதுதல் வேண்டும். பொருள் விளங்காச் சொல்லை அவரிடமே கேட்டுக் குறித்தல் நன்று. எழுதி முடித்ததை முதலில் அவருக்கே படித்துக்காட்ட வேண்டும். அவர் நீக்கச் சொல்லும் பகுதி எத்துணைச் சுவையுடையதாயினும் நீக்கப்பட வேண்டியதே.