வீடு திரும்பியபின் எழும் துக்கம்

முகாமில் இருந்தபோது அழுவதற்குக்கூட நேரம் கிடைத்திருக்காது. தண்ணீர் வரிசை, பதிவு, பிள்ளையின் காய்ச்சல் என்று நாட்கள் போயிருக்கும். இப்போது சொந்த வளவுக்குள் நிற்கிறீர்கள். அவர் நட்ட தென்னை நிற்கிறது. அவர் சைக்கிள் சாத்திவைக்கும் சுவர் இருக்கிறது. இறந்து பல ஆண்டுகளாகியிருந்தாலும், நேற்று நடந்ததுபோலத் துக்கம் எழும்பலாம். நித்திரை வராது, காரணமின்றிக் கோபம் வரும், படலைச் சத்தம் கேட்டால் அவர்தானோ என்று மனம் துள்ளும். இது பைத்தியமல்ல.

பல குடும்பங்களுக்கு இன்னொரு பாரமும் உண்டு. செத்தவீடு ஒழுங்காக நடக்கவில்லை. உடலை வழியிலே விட்டு வந்தவர்களும், பதுங்குகுழிக்குப் பக்கத்தில் அவசரமாகப் புதைத்தவர்களும் உங்களிடையே இருக்கிறீர்கள். எட்டு, அந்தியேட்டி, திருப்பலி, கத்தம் எதுவும் செய்யக் கிடைக்கவில்லை. "இவ்வளவு காலத்துக்குப் பிறகு எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். உங்களுக்கு வேண்டுமென்றால் இப்போதும் செய்யலாம். உடல் இல்லாவிட்டாலும் ஒரு படத்தை வைத்து விளக்கேற்றலாம். தகப்பனுக்கு ஆடி அமாவாசையிலும் தாய்க்குச் சித்திரா பௌர்ணமியிலும் விரதம் இருக்கலாம். கத்தோலிக்கர் நவம்பர் 2 ஆம் திகதி கல்லறைத் திருநாளில் செபிக்கலாம். இதற்காகக் கடன்பட வேண்டாம். வீடு கட்ட வந்த காசையும் தொட வேண்டாம். அயலவர் நாலுபேர் வந்திருந்தால் போதும்.

காணாமற்போனவரின் வீட்டுக்கு இது பொருந்தாது. "இனி வரமாட்டார், திவசத்தைச் செய்" என்று சொல்லாதீர்கள். "கட்டாயம் வருவார்" என்றும் சொல்லாதீர்கள். இரண்டுமே உங்களுக்குத் தெரியாதவை. அந்த வீட்டுப் பெண் பொட்டு வைப்பதா விடுவதா என்பதை அவரே தீர்மானிக்கட்டும். ஊர் அதைக் கதைக்கத் தேவையில்லை. மரணச் சான்றிதழ் எடுப்பது தன் கையாலேயே அவரைக் கொல்வதுபோல இருக்கிறது என்று நினைக்கும் தாய்மார் உண்டு. 2016 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, ஆள் காணாமற்போயிருப்பதை மட்டும் உறுதிப்படுத்தும் வேறொரு சான்றிதழும் பெறலாம். பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

துக்கப்படும் அயல்வீட்டுக்குப் போகும்போது ஆறுதல் வார்த்தை தேட வேண்டியதில்லை. ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள். கிணறு இறைக்க, பிள்ளையைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போக ஒரு கை கொடுங்கள். "அழாதையுங்கோ அக்கா, பிள்ளைகள் இருக்குதுகள்தானே" என்பது நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் அவர் வாயை அது அடைத்துவிடும். இறந்தவரின் பெயரைச் சொல்லிக் கதையுங்கள். பெரும்பாலும் அதைத்தான் அவர்கள் எதிர்பார்க்கிறார்கள்.

சிறுபிள்ளைகளிடம் "அப்பா வெளிநாடு போய்விட்டார்" என்று சொல்ல வேண்டாம். ஒருநாள் பள்ளிக்கூடத்தில் யாரோ உண்மையைச் சொல்வார்கள். பிறகு பிள்ளை உங்களையும் நம்பாது. இறந்துவிட்டார் என்று எளிய சொல்லில் சொல்லுங்கள். அது திரும்பத் திரும்பக் கேட்டால், திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

ஆண்கள் பலர் அழமாட்டார்கள், குடிப்பார்கள். யாராவது கிழமைக்கணக்கில் எழும்பாமல் கிடந்தால், குடி கூடிக்கொண்டே போனால், சாகப்போவதாகக் கதைத்தால் அவரைத் தனியே விடாதீர்கள். ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள், அல்லது தேசிய மனநல உதவி இலக்கமான 1926 க்கு அழையுங்கள்.